கடைசி ஆணி

ராசாவின் பேர் மறந்துபோன ஒரு காலத்தில், உப்பளக் கரையில் தட்டாங்குறிச்சி என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு மடம். மத்தியானம் யார் வந்து உட்கார்ந்தாலும் அங்கே இலை விழும்.

மாசிலாமணி அப்படி உட்கார்ந்தவர்தான். நாலு வருசத்துக்கு முன்னால் வழிப்போக்கராக வந்து ஒரு நாள் சாப்பிட்டார். இலையை மடிக்கும்போதே சீடராகிவிட்டார். அவருக்கு வயது ஐம்பது. குருவுக்கு முப்பத்திரண்டு. அதனால் குரு அவரை நீர் என்றே கூப்பிடுவார்.

அன்றைக்கு மாசிலாமணி கையில் ஒரு கயிற்றோடு ஓடி வந்தார். குரு அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மோசம் போயிட்டோம். ஊரு பெருத்துப் போச்சாம்."

"யார் சொன்னது?"

"அரண்மனைக்குப் புதுசா வந்திருக்கிற வைத்தியர். நம்ம மடத்துச் சாப்பாடுதான் காரணமாம். மணியக்காரர் இந்தக் கயித்தைக் கொடுத்துட்டுப் போறார். நூறு பேரை அளக்கணுமாம்."

"எப்படி?"

"ஆளோட உயரத்துக்குக் கயிறு பிடிச்சு, அதைப் பாதியா மடிச்சு, இடுப்பைச் சுத்தணும். நுனியும் நுனியும் தொட்டுக்கிட்டா ஆள் சரி. தொடலைன்னா பெருத்த ஆள். நூத்துல பாதிக்கு மேல பெருத்திருந்தா மடத்து அடுப்பை அணைச்சிடுவாங்க. மூணே நாள் தவணை."

"முறை நல்லாத்தான் இருக்கு."

"அடுப்பை அணைச்சா நான் எங்க போவேன் சாமி? மச்சினன் வீட்டுக்குத்தான் போகணும். அங்க தினமும் கம்பங்கூழு. அதையும் மச்சினன் பொண்டாட்டி என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊத்துவா."

"முதல்ல அளந்துட்டு வாரும்," என்றார் குரு.

அன்றைக்கு மத்தியானம், முதல் பந்தி முடிந்து ஆட்கள் வெளியே வரும் வாசலில் மாசிலாமணி கயிற்றோடு நின்றார். பெருத்த ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, சரியான ஆளுக்கு ஒரு வேப்பங்கொட்டை என்று சட்டியில் போட்டுக்கொண்டே வந்தார். முதலில் வந்தவர் நெய்க்கடை வயிரவன். கயிறு அவருடைய தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் என்று நின்றுவிட்டது. அப்புறம் அவர் ஓர் ஏப்பம் விட்டார். கயிறு இன்னும் நாலு விரல் விலகியது.

பெண்கள் பக்கம் போனபோது ஓர் அம்மாள் கையிலிருந்த அகப்பையை உயர்த்திக் காட்டினாள். மாசிலாமணி ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டார்.

நூறு ஆண்களை அளந்து கொட்டி எண்ணியதில் புளியங்கொட்டை எழுபத்திரண்டு.

"முடிஞ்சது கதை," என்று குருவின் முன்னால் சட்டியைக் கவிழ்த்தார்.

"எப்போ அளந்தீர்?"

"சாப்பிட்டுக் கை கழுவின உடனே."

"மோர் குடிச்சிருந்தாங்களா?"

"ரெண்டு ரெண்டு செம்பு."

"நாளைக்கு வெறும் வயித்துல அளந்து பாரும்."

அதற்குள் சேதி ஊரில் பரவிவிட்டது. தொப்பை தெரிந்தால் அடுப்பு அணையும் என்று கேள்விப்பட்டு, மறுநாள் விடியும்போதே அதே நூறு பேரும் மடத்து வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள்.

வயிரவனின் தொப்பை ஏறிப் போய் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"சீக்கிரமாச் சுத்தும்யா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நுனியும் நுனியும் தொட்டன. இரண்டு விரல் மிச்சம்கூட இருந்தது.

"மடத்தைக் காப்பாத்திட்டீக அண்ணாச்சி," என்றார் மாசிலாமணி. வயிரவன் மூச்சை விட்டார். கயிறு கையை விட்டுத் தெறித்துக் கிணற்றடியில் போய் விழுந்தது. எக்கியபடியே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் மட்டும், அளந்து முடித்த பிறகு மூச்சு விட வழியில்லாமல், "முடிச்சை அவுத்து விடுங்கய்யா" என்று வாசலையே சுற்றிச் சுற்றி வந்தார்.

வேப்பங்கொட்டை நூறு. புளியங்கொட்டை ஒன்றுகூட இல்லை.

"நூத்துக்கு நூறு சாமி," என்றார் மாசிலாமணி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"ஒரே ராத்திரியிலா?"

மாசிலாமணி கொட்டைகளைப் பார்த்தார்.

"மணியக்காரர் வந்து முன்னால உட்கார்ந்துக்கிட்டு அளக்கச் சொன்னா?"

"அவ்வளவு நேரம் வயிரவன் தாங்க மாட்டார் சாமி. செத்துப் போவார்." தலையைச் சொறிந்துகொண்டார். "நேத்துப் பார்த்தா பெருத்த ஊரு. இன்னைக்குப் பார்த்தா இளைச்ச ஊரு. எது நிசம்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

குரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாரும்."

தேர்முட்டியின் நிழலில் முத்துப்பேச்சியின் கடை இருந்தது. அவளிடம் அரைஞாண் கயிறு ஒன்றுதான் சரக்கு. கறுப்பிலும் சிவப்பிலும் பந்து பந்தாக அடுக்கி வைத்திருப்பாள். பிறந்த பிள்ளை முதல் ராசா வரைக்கும் அந்த ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் பொங்கலுக்குப் பொங்கல் அவளிடம்தான் புதுக் கயிறு வாங்கிக் கட்டுவார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தாள். அதில் வரிசையாக ஆணிகள். பலகையின் தலைமாட்டில் கயிற்றை வைத்து, எந்த ஆணி வரைக்கும் இழுத்து அறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"முத்துப்பேச்சி, ஊர் பெருத்திருக்கா?" என்று கேட்டார் குரு.

"எந்தத் தெரு சாமி?"

மாசிலாமணி திரும்பிக் குருவைப் பார்த்தார். குரு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, இது கோயில் தெரு ஆணி," என்று அவள் விரலை வைத்தாள். "பக்கத்துல ஆறு ஓட்டை இருக்கா? வருசத்துக்கு ஒருக்கா பிடுங்கிப் பிடுங்கித் தள்ளி அடிச்சதுல பலகை சல்லடையாப் போச்சு. இது உப்பளத் தெரு ஆணி. எங்க அம்மா அடிச்சது. துருப்பிடிச்சுக் கிடக்கு, பிடுங்குற வேலையே வரலை. இதுல அறுத்துக் கொடுத்தாலே, 'கயிறு தொங்குது பேச்சி, ரெண்டு விரக்கடை கழிச்சுக் கொடு'ங்காக."

"உப்பளத் தெரு ஆளுக மடத்துல சாப்பிடுறதில்லையா?" என்றார் மாசிலாமணி.

"ஏன், நல்லாச் சாப்பிடுறாக. கடைசிப் பந்தி. உப்பு வாரிப்போட்டுட்டுக் கால் கழுவி வந்து சேர அந்நேரம் ஆயிரும். அப்ப நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருப்பீக."

குரு ஓர் ஆணியைத் தொட்டார். அது மற்றவற்றோடு சேராமல் தனியாக இருந்தது. "இது எந்தத் தெரு?"

முத்துப்பேச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தெரு இல்லை சாமி. இவுகதான். ஊருக்கு வந்த புதுசுல உப்பளத் தெரு ஆணியிலதான் இவுகளுக்கு அறுத்தேன். நாலு பொங்கலுக்கு நாலு தடவை தள்ளி அடிச்சாச்சு. தை பொறந்தா அஞ்சு."

மாசிலாமணியின் கை தன்னால் இடுப்புக்குப் போனது.

"அந்த நூறு பேர்ல நான் இல்லை சாமி," என்றார் மெதுவாக.

"தெரியும்," என்றார் குரு.

மூன்றாம் நாள் முற்பகலில் மணியக்காரர் வந்தார். மடத்துத் தூணில் பலகை சாய்ந்திருந்தது. பக்கத்தில் முத்துப்பேச்சி. குரு வழக்கம்போல அவரைக்காயோடு உட்கார்ந்திருந்தார்.

"அளவு எங்கே?" என்றார் மணியக்காரர்.

"அந்தப் பலகைதான்," என்றார் குரு.

முத்துப்பேச்சி ஒவ்வொரு ஆணியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மணியக்காரர் குனிந்து விரலாலேயே பின்தொடர்ந்தார். துருப்பிடித்த ஆணி, ஓட்டை விழுந்த ஆணி எல்லாம் தாண்டி, பலகை முடியும் விளிம்புக்கு விரல் வந்தது. அங்கே ஒரு பித்தளை ஆணி பளபளத்தது.

"இது யாரு?"

"அது அரண்மனை ஆணி அய்யா. ஆனா இப்ப அதுவும் பத்தலை. போன பொங்கலுக்குப் பலகை முடிஞ்சு, தரையில ஒரு சாண் சேர்த்துத்தான் அறுத்தேன்."

மணியக்காரர் சுட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு ஆளை விட்டுத் தூக்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டார் குரு. "ராசாவே ஒவ்வொரு ஆணியாப் பார்த்துக்கலாம்."

மணியக்காரர் பலகையைப் பார்த்தார். அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்தார். தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"வேண்டாம். கயிறு நைஞ்சு போச்சு, அளக்க முடியலைன்னு சொல்லிக்கிறேன். அடுப்பு அது பாட்டுக்கு எரியட்டும்."

கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகப் போய்விட்டார்.

மாசிலாமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. பாயசம் உண்டு. மணி அடித்ததும் ஓடிப்போய் முதல் பந்தியில் தன் வழக்கமான இடத்தில், குருவின் இலைக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார். பாயச வாளி முதலில் அங்கேதான் வரும்.

குரு உட்காரவில்லை. வாளியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தார்.

"இன்னைக்கு நீர் பரிமாறும்."

முதல் பந்தியில் வயிரவன் மூன்று தடவை கை காட்டினார். இரண்டாம் பந்தியிலும் கை காட்டாத ஆள் இல்லை. கடைசிப் பந்திக்கு உப்பளத் தெரு வந்தது. கெண்டைக்காலில் உப்புப் பூத்திருந்தது. மாசிலாமணி நாலாவது இலைக்குப் போகும்போதே கரண்டி வாளியின் அடியைச் சுரண்டியது.

நாலாவது இலைக்காரர் கரண்டியிலிருந்து சொட்டியதை நக்கிப் பார்த்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"பாயசம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைக்கிறதுதானே?"

"அப்படியா? வெள்ளிக்கிழமையானா ஒரு வாசனை வரும். உள்ளே சாமிக்கு ஏதோ போடுறாகன்னு நெனைச்சேன்."

மாசிலாமணி காலி வாளியோடு பந்தியின் கோடிக்குப் போனார். கடைசி இலையில் குரு உட்கார்ந்திருந்தார். சோற்றை அணை கட்டி, ஓடுகிற ரசத்தை மறித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கடைசிப் பந்திக்குப் பாயசம் எப்பவுமே வர்றதில்லையா?"

குரு இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தெரியாது, மாசிலாமணி. நானும் நேத்து வரைக்கும் முதல் பந்திதான்."