பட்டம் வாங்காததுக்கு ஒரு சாட்சி

பேச்சிக்கனிக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடச்சிருச்சு. குடும்பத்துல முதல் பட்டதாரின்னு ஒரு சான்றிதழ் இருந்தா, ஃபீஸ்ல ஒரு பங்க கவர்மெண்டே கட்டிரும். இல்லன்னா படிப்பும் இல்ல.

அதுக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டரு, ஆர்.ஐ. தில்லைநாயகம் கையெழுத்துப் போடணும். எந்த ஊருக்கு மாத்துனாலும் மேஜைக்குப் பின்னாடி தன்னோட பட்டமளிப்பு போட்டோவ மாட்டிவைக்கிற ஆளு அவரு.

"உங்கப்பன் டிகிரி வாங்கலைங்கதுக்கு என்னம்மா ஆதாரம்?"

"வாங்காததுக்கு எப்படி சார் ஆதாரம் இருக்கும்?"

"அப்ப சாட்சி கூட்டிட்டு வா. படிச்ச ஆபீசரா இருக்கணும். உங்கப்பன வாலிபத்துல கூட இருந்து பாத்திருக்கணும். ஒங்க தெருவுல அப்படி யாரு இருக்கா?"

பேச்சிக்கனி போட்டோவுக்குக் கீழ இருந்த காலேஜு பேரையும் வருஷத்தையும் வாசிச்சா. "எங்கப்பா காலேஜுக்குப் போனவருதான் சார்."

"அப்படி வா வழிக்கு. எந்தக் காலேஜு?"

"ஒங்க காலேஜுதான். நீங்க படிச்சப்ப அங்கதான் இருந்தாரு."

"எந்த டிபார்ட்மெண்டு?"

"ஹாஸ்டல் மெஸ்ஸு. பேரு சுடலைமுத்து. சாம்பார் ஊத்துவாரு."

வரிசையில நின்னவங்க எட்டிப் பாத்தாங்க. ஆர்.ஐ.க்கு வாய் முந்திக்கிச்சு.

"ரெண்டாவது கரண்டி கேட்டா மொறைப்பானே, அந்தச் சுடலைமுத்தா?"

"அவரேதான் சார். நீங்க போன பெறகும் பல வருஷம் அங்கதான் இருந்தாரு. யாரும் பட்டம் குடுக்கல. நீங்க கேட்ட மாதிரியே சாட்சி கெடச்சாச்சு. படிச்ச ஆபீசரு, கூட இருந்து சாப்பிட்டவரு."

தில்லைநாயகம் கையெழுத்துப் போட்டுட்டு, "அடுத்து யாரு?"ன்னாரு.