கட்டில் ஏறி இறங்கிய வீடு

முன்னொரு காலத்தில் ஆலந்துறை நாட்டைக் கோடைமாறன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிடக் கட்டில் சேர்த்தான் என்பதே சரி. தந்தக்கால் கட்டில், பித்தளைப் பூண் போட்ட கட்டில், சந்தனக் கட்டில் என்று கண்டதையெல்லாம் வாங்கினான். எதில் படுத்தாலும் தூக்கம் வரவில்லை. வராததால் இன்னொன்று வாங்கினான். கடைசியில் அரண்மனையில் ஆள் நடக்க வழியில்லை. அரசியே தன் அறைக்குள் பக்கவாட்டில்தான் நுழைந்தாள்.

பள்ளியறை அதிகாரி பூவராகருக்கு அது நல்ல காலம். அமைச்சர் மருதாசலத்தை அரசன் பக்கத்து ஆசனத்திலிருந்து நகர்த்திவிட்டுத் தாம் உட்கார்ந்துகொண்டவர் அவர். மருதாசலம் அதை மறக்கவில்லை. மறக்கிற ஆளும் அல்ல. தினமும் சிரித்து வணக்கம் சொல்வார். உள்ளே அந்த ஆசனம் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் பூவராகர், கட்டில்களுக்கென்று தனி மண்டபம் கட்டலாம் என்றார். அரண்மனைக்குப் பின்னால் பல்லக்குத் தூக்கிகளின் தெருவை இடித்தால் இடம் கிடைத்துவிடும். அங்கே ஒவ்வொரு வீடும் ஓர் அறைதான். "விருந்தாளி வந்தால் உண்ண, உறங்க இடமில்லாததை வீடு என்பார்களா பிரபு? கோழிக்கூடு என்பார்கள்."

அரசன் தலையாட்டிவிட்டான். மருதாசலம் மெல்ல எழுந்தார். "கோழிக்கூடா வீடா என்று விருந்துண்டவர் அல்லவா சொல்ல வேண்டும்? தாங்களே ஒரு பகல் அங்கே உண்டு உறங்கிப் பாருங்களேன்."

புதிதாக எது சொன்னாலும் அரசனுக்குப் பிடிக்கும். சரி என்றான். உறக்கம் வராவிட்டால் அன்று மாலையே தெருவை இடிப்பது என்று பேச்சு. ஆனால் அந்த நாட்டில் ஒரு பழைய சட்டம் இருந்தது: அரசன் உண்டு உறங்கிய வீட்டின் ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது. பூவராகருக்கும் அது தெரியும். அவரும் ஒரு வழக்கத்தை எடுத்துவிட்டார். அரசன் உறங்கப் போகும் இடத்துக்கு அரச கட்டில் முன்னே போக வேண்டும். அதைப் பிரிக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, அரசனைத் தவிர யாரும் அதில் உட்காரவும் கூடாது. அரண்மனையிலேயே பெரிய கட்டிலாகப் பார்த்து, தூக்கிகளின் தலைவன் மாசானத்தின் வீட்டுக்கு அனுப்பினார்.

கட்டில் வாசலில் நுழையவில்லை. ஒரு பக்கக் கூரையைப் பிரித்து மேலிருந்து இறக்கினார்கள். அது சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டது. மருதாசலம் போய்ப் பார்த்தபோது மாசானம் தலையில் கை வைத்திருந்தான். "கட்டில் உள்ள வந்துருச்சு சாமி. நாங்க வெளிய வந்துட்டோம். ராசா எங்க உக்காந்து சாப்பிடுவாரு?"

அமைச்சர் வாசலில் நின்று அந்த அறையை வெகுநேரம் பார்த்தார். சட்டிகள் உறியில் தொங்கின. பாய்கள் சுருண்டு கொடியில் கிடந்தன. குழந்தையின் தூளியைப் பகலில் முடிச்சிட்டுக் கூரை வளையில் செருகியிருந்தார்கள். அரிசிப்பெட்டியின் மூடிதான் உட்காரும் இடம். இத்தனை பேர் இதற்குள் எப்படிப் புழங்குகிறீர்கள் என்று மாசானத்தின் மனைவி பேச்சியைக் கேட்டார்.

"எங்க வீட்டுல எந்தச் சாமானும் ஒத்த வேலையோட நிக்க முடியாதுங்க. கதவைக் கழட்டினா சாப்பாட்டுப் பலகை. வேலை முடிஞ்சா எல்லாம் மேல ஏறிடணும். மேலதான் சும்மா கிடக்குதே."

மருதாசலம் மேலே பார்த்தார். பிறகு தெருவோரம் சாத்தியிருந்த பல்லக்குத் தண்டுகளைப் பார்த்தார்.

மறுநாள் அரசன் வந்தான். அறை காலியாக, மெழுகிக் கோலமிட்டிருந்தது. சிவப்புத் துணி விரித்த அரிசிப்பெட்டியில் அவனை உட்கார வைத்தார்கள். பேச்சி கதவைக் கழற்றி, கவிழ்த்த உரல்கள் மேல் வைத்து இலை போட்டாள். வரகுச் சோறும் கருவாட்டுக் குழம்பும். அரசன் மறுசோறு கேட்டான்.

பூவராகர் இதற்காகத்தான் காத்திருந்தார். "உண்டாயிற்று. பிரபு உறங்கக் கட்டில் எங்கே? விற்றுவிட்டார்களோ?"

"தங்கள் தலைக்கு மேல்தான் இருக்கிறது" என்றார் மருதாசலம்.

அரசன் அண்ணாந்தான். கோரைப்பாய் கட்டிய அழகான விதானம் என்று அவன் நினைத்திருந்தது கட்டிலின் அடிப்பக்கம். சுவர் மேல் கிடத்திய பல்லக்குத் தண்டுகளில் கயிறு கட்டி அதைத் தூக்கியிருந்தார்கள். இலையை எடுத்து, கதவை மாட்டி, பெட்டியையும் உரல்களையும் ஒதுக்கிவிட்டு, தூக்கிகள் கயிற்றை நிதானமாக விட்டார்கள். கட்டில் இடுப்பளவுக்கு இறங்கித் தொங்கியபடியே நின்றது. எல்லாச் சாமானும் அதன் அடியில் அடங்கிவிட்டது.

அரசன் ஏறிப் படுத்தான். மற்றவர்கள் வெளியேறினார்கள். பூவராகரும் திரும்பினார்.

"தாங்கள் எங்கே கிளம்பிவிட்டீர்கள்? அரசர் உறங்கும் அறையைவிட்டுப் பள்ளியறை அதிகாரி அகலக் கூடாதே" என்றார் மருதாசலம்.

உள்ளே நிற்க இடமில்லை. பட்டுத் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு பூவராகர் குனிந்தார், மண்டியிட்டார், கடைசியில் ஊர்ந்து உரலுக்கும் அரிசிப்பெட்டிக்கும் நடுவே போய்ப் படுத்தார்.

கட்டில் லேசாக ஆடியது. இத்தனை கட்டில் வாங்கியும் கிடைக்காத தூக்கம் அரசனுக்கு அங்கே வந்தது. வெயில் தாழும்வரை தூங்கியவனைக் கீழிருந்து வந்த குறட்டைதான் எழுப்பியது. "யாரது அடியில்?" என்று கேட்டான். பூவராகர் பதறி எழுந்து கட்டிலில் தலையை இடித்துக்கொண்டார்.

வெளியே ஊர்ந்து வந்ததும் அவர் முதலில் சொன்னது, சட்டம் இந்த ஒரு வீட்டைத்தான் காக்கும், மற்றவற்றை இடிக்கலாம் என்பதே.

"தாராளமாக இடிக்கலாம். இந்த வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். இது அதில் சாய்ந்து நிற்கிறது, அது அதற்கடுத்ததில். கடைசி வீட்டைத் தட்டினால் இந்த வீட்டுக் கல் ஆடும். எங்கே தொடங்கட்டும்?" என்றார் மருதாசலம்.

அரசன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். வாசலில் நின்ற தூக்கிகளின் காய்த்துப்போன தோள்களையும் பார்த்தான். இவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. பிறகு சொன்னான்: "தெரு நிற்கட்டும். எனக்குத் தொங்குகிற கட்டில் ஒன்று போதும். மற்றவற்றைப் பூவராகர் மாளிகையில் வையுங்கள். அவர்தானே பள்ளியறை அதிகாரி."

ஆசனம் மருதாசலத்திடம் திரும்பி வந்தது. சில நாள் கழித்து அவர் பூவராகரை நலம் விசாரிக்கப் போனார். மாளிகை முழுக்க அரச கட்டில்கள். யாரும் உட்காரக் கூடாத கட்டில்கள். அவற்றின் அடியிலிருந்து குரல் வந்தது: "வாருங்கள் அமைச்சரே, உட்காருங்கள்."

"எங்கே?" என்றார் மருதாசலம்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அவர் இத்தனை காலம் காத்திருந்தார். கேட்டுவிட்டு, பல்லக்குத் தூக்கிகளின் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார். பேச்சி அப்போதுதான் கதவைக் கழற்றி இலை போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு இலை விழுந்தது.