அனுதாபத்துக்கு எத்தனை மார்க்?

இந்தக் கதையில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு வயது அதிகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தி, "இதுல யாருய்யா குரு?" என்று என்னைக் கேட்கக் கூடாது.

குருவின் பெயர் ஜெபக்கனி. தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் மருத்துவக் கல்வித் துறைக்குத் தலைவி. நர்ஸாக வேலையைத் தொடங்கி, நர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து, கடைசியில் பாடம் எடுக்கிறவர்களுக்கே பாடம் எடுக்க வந்தவர்.

சீடர் அதே கல்லூரியின் டாக்டர் குற்றாலநாதன். பெரிய சர்ஜன். "கைராசிக்கார டாக்டர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு மலையடிவாரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அந்தக் கை ஒருநாள் நடுங்க ஆரம்பித்தது. நரம்பு டாக்டராக இருக்கிற நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, இது நிற்கிற நடுக்கம் இல்லை என்றார். குற்றாலநாதன் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. "எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் வந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டரை விட்டு ஜெபக்கனியின் துறைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தத் துறையில் ஆளுக்கொரு ஆராய்ச்சி. முதல் ஊசி போடும்போது மாணவி பயப்படுவது நோயாளியைப் பார்த்தா, ஊசியைப் பார்த்தா என்று ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். வலிக்கிற காலைத் தொடுவதற்கு பிசியோதெரபி பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்று இன்னொருவர். குற்றாலநாதனும் வந்த வேகத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அனுதாபத்தை அளக்கணும். பிரஷரை அளக்கோம், சுகரை அளக்கோம். இதை மட்டும் ஏன் விடணும்?"

"அளந்து?"

"மார்க் போடணும்."



"செய்யுங்க டாக்டர்."

அவ்வளவுதான். நாலு கேள்வியாவது கேட்பார் என்று எதிர்பார்த்திருந்த சர்ஜனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் மும்முரமாக உட்கார்ந்து ஒரு தாளில் கட்டம் கட்டினார். கண்ணைப் பார்த்துப் பேசினால் ஒரு மார்க். நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டால் ஒரு மார்க். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று சொன்னால் இரண்டு மார்க். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஃபெயில்.

பரீட்சை வந்தது. கெட்ட சேதியை நோயாளியிடமும் வீட்டாரிடமும் எப்படிச் சொல்வது என்று இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நிஜ நோயாளியை இதற்கெல்லாம் பாடுபடுத்த முடியாதே. நோயாளியாக நடிப்பதற்கென்றே அந்தத் துறைக்கு ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு வந்தவர் பிச்சையா அண்ணாச்சி. கோயில் கொடைத் திருவிழா நாடகத்தில் எமதர்மன் வேஷம் கட்டுகிறவர். இங்கே கூப்பிட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டு வந்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "எங்க அய்யாவோட கடைசி நாளுல ஒரு சின்ன டாக்டர் கூடவே நின்னாரு. அவருக்குச் செய்ய முடியல, அவரு மாதிரி வரப்போற பிள்ளைகளுக்குச் செய்யுதேன்" என்பார்.

மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று பிச்சையாவிடம் சொல்ல வேண்டும். பரீட்சை அறையின் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குற்றாலநாதன் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் பையன் உள்ளே நுழைந்தான். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது ஐயா!"

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே தம்பி" என்றார் பிச்சையா.

இரண்டு மார்க். தாளில் எழுதியபடிதானே போட வேண்டும்! பிறகு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். சிலர் மறந்துவிடக் கூடாதே என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

கடைசியாக முப்பிடாதி என்று ஒரு பெண் வந்தாள். சேதியைச் சொன்னாள். பிச்சையா தலையைக் குனிந்துகொண்டார். அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தலை நிமிர்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மணி அடித்துவிட்டது. கட்டம் காலி. ஃபெயில்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது ஜெபக்கனி கேட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"எல்லாரும் பேசிப் பேசியே என்னைய அழ விடல தாயி. அந்தக் கடைசிப் பிள்ளை விட்டுச்சு. நல்லா இருக்கட்டும்."

குற்றாலநாதன் டீயைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர். தப்பைத் தப்பென்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அதைத் திருத்தி வேறு தப்பாக்கத்தான் ஒரு வாரம் ஆனது.

பழைய கட்டத்தை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினார். "சேதி சொன்ன பிறகு அரை நிமிடம் மௌனம்: இரண்டு மார்க்." எல்லோருக்கும் முதல் பரீட்சை செல்லாது, மறுபடி வைக்கிறோம் என்று அறிவித்தார். ஜெபக்கனியிடம் தாளை நீட்டினார்.

"சரியா மேடம்?"

"செய்யுங்க டாக்டர்."

இந்தத் தடவை பிச்சையா லாரி டிரைவர். சர்க்கரை நோயில் கால் விரலை எடுக்க வேண்டும்.

பிள்ளைகள் விவரமானவர்கள். புதிய கட்டத்தைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று நமக்கெதற்கு? சேதியைச் சொன்னார்கள், வாயை மூடிக்கொண்டார்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"விரலை எடுத்தா நான் லாரி ஓட்டலாமாய்யா?"

பதில் இல்லை.

"தம்பி, உங்களத்தான். லாரி ஓட்டலாமா?"

பையன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பிச்சையா எழுந்தேவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குற்றாலநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முப்பிடாதி வந்தாள். அவளிடமும் பிச்சையா அதையே கேட்டார். அவர் வாய் மூடுவதற்குள் அவள் சொன்னாள்.

"ஓட்டவே முடியாதுன்னு இல்ல அண்ணாச்சி. முதல்ல புண்ணு ஆறட்டும். அப்புறம் நடந்து பாப்போம். அப்புறம் வண்டியைப் பாப்போம்."

பிச்சையா பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. ஆனால் அரை நிமிட மௌனம் எங்கே? கட்டம் காலி. மறுபடி ஃபெயில்.

அந்தக் கல்லூரியில் இன்னும் ஒரு வாய்ப்புதான் உண்டு. அதிலும் போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குப் போய்விடுவார்கள், அவள் மட்டும் திரும்ப வகுப்பில் உட்கார வேண்டும். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியது அவள்தான் முதல். முப்பிடாதி நேராகக் குற்றாலநாதனின் அறைக்கு வந்து நின்றாள்.

"சார், பேசணுமா, பேசாம இருக்கணுமா? ஒண்ணு சொல்லுங்க சார். அதையே செஞ்சிருதேன்."

கண் நிறைந்திருந்தது. ஆனாலும் மரியாதையாகத்தான் கேட்டாள். குற்றாலநாதன் "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டு ஜெபக்கனியிடம் போனார்.

"மேடம், அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நாளைக்கே அந்தப் பிள்ளைக்குக் கடைசிப் பரீட்சையை வச்சிருவோம். பிச்சையா அண்ணாச்சி வரல. அந்த நாற்காலியில நீங்க உக்காருங்க டாக்டர்."

"நானா? எனக்கு நடிக்க வராதே!"

"வராட்டி நடிக்காண்டாம்."

மறுநாள் காலை ஜெபக்கனி அவர் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். நோயாளி யார், என்ன வியாதி என்று அதில் இருக்கும். குற்றாலநாதன் படித்தார். ஆறுமுகம். தச்சர். கை நடுக்கம். குணமாகாது. உளி பிடித்துச் செய்யும் நுட்பமான வேலை இனி முடியாது.

அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதை யாரு எழுதினா?"

"நான்தான். தினம் உங்க கூடத்தானே டீ குடிக்கேன். மாத்தித் தரட்டுமா டாக்டர்?"

கோபம் வந்தது அவருக்கு. நியாயமான கோபம்தான். ஆனால் வெளியே அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்றைக்கு ஜெபக்கனி.

முப்பிடாதி கதவைத் திறந்ததும் திடுக்கிட்டாள். நோயாளி நாற்காலியில் பரீட்சை வைக்கிறவரே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? சமாளித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வணக்கம் அண்ணாச்சி. என் பேரு முப்பிடாதி. டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. கூட யாரும் வந்திருக்காங்களா?"

"இல்ல."

"சொல்லலாமா?"

"சொல்லு."

"நல்ல சேதி இல்ல அண்ணாச்சி. இந்த நடுக்கம் முழுசா நிக்காது. மருந்தால கொறைக்கலாம். ஆனா உளி பிடிக்கிற சின்ன வேலை இனிமே முடியாது."

அந்த நரம்பு டாக்டர் நண்பர் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். அன்றைக்கு அவர் ஒரு டாக்டராக அதைக் கேட்டு, தலையாட்டிவிட்டு, கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கு அவரால் தலையாட்ட முடியவில்லை.

"அப்ப இந்தக் கை எதுக்கு?"

அட்டையில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

முப்பிடாதி அவர் கையைப் பார்த்தாள். அது நாற்காலிப் பிடியின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்வையை அவள் திருப்பிக்கொள்ளவில்லை.

"இதுவரைக்கும் என்னல்லாம் செஞ்ச கை அண்ணாச்சி?"

"கதவு... ஜன்னல்..." குற்றாலநாதன் நிறுத்தினார். "வயிறு" என்றார். "நெறய வயிறு. ஒரு மழையில கரண்டு போயிட்டு. ஜெனரேட்டரும் ஓடல. டார்ச் அடிச்சுக்கிட்டே தச்சேன். அந்தப் பொம்பள பொழச்சுட்டா. போன வருஷம் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டு வந்தா." சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. யாரிடமும் சொல்லாததெல்லாம் வந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவர் ஓய்ந்தபோது அவள் சொன்னாள்.

"சார்."

அண்ணாச்சி போய் சார் ஆகிவிட்டது. அவளே அதைக் கவனிக்கவில்லை.

"தேர்ட் இயர்ல எனக்குத் தையல் முடிச்சு போடவே வரல சார். நூலு நழுவிக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மேசைக்கால்ல நூலைக் கட்டி, என் கையைப் பிடிச்சுப் போட்டுக் காமிச்சீங்க. 'இழுக்காத, படிய வை'ன்னீங்க. இப்ப நான் நல்லா போடுதேன் சார். எங்க பேட்ச்ல எல்லாருமே அந்த முடிச்சைத்தான் போடுதோம்."

குற்றாலநாதனுக்கு அது நினைவில்லை. மேசைக்காலில் எத்தனையோ பேருக்கு நூல் கட்டியிருக்கிறார். கர்ச்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. சட்டைக் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய சர்ஜன் ஒரு மாணவிக்கு எதிரில் விம்மி அழுதார். அழுதபோது நெஞ்சுக்குள் அத்தனை நாள் இருந்த கனம் கொஞ்சம் இறங்கியது. அவள் எழுந்து போகவும் இல்லை, எதையும் சொல்லித் தேற்றவும் இல்லை. மணி அடித்தது.

"சரி, போகலாம்" என்றார், பழக்க தோஷத்தில்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

குற்றாலநாதன் தாளை எடுத்தார். கட்டங்கள் எதையும் நிரப்பவில்லை. அடியில் "தேர்ச்சி" என்று எழுதினார். நடுக்கத்தில் எழுத்து கோணலாகத்தான் வந்தது, மறைக்கவில்லை. ஜெபக்கனியிடம் கொண்டுபோனார். அவர் வாங்கி, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். முப்பிடாதிக்கு ஆறு மாதம் மிஞ்சியது.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க."

"உள்ள நடந்ததை நீங்க பாத்தீங்க. அந்தப் பிள்ளை செஞ்சதுக்கு என்ன பேரு வைக்கது? எந்தக் கட்டத்துல போடுறது? எத்தனை மார்க்?"

"அது கெடக்கட்டும் டாக்டர். அந்தப் பிள்ளைகிட்ட நன்றி சொன்னீங்களா?"

குற்றாலநாதன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போகலாம்னு சொன்னேன்."

"கேட்டுச்சு."

ஜெபக்கனி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"கீழ பஸ் ஸ்டாப்புல நிக்கா. பஸ் வாரதுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வாங்க. ஆராய்ச்சியை அங்கேருந்து ஆரம்பிப்போம்."