தொட்டிக்குப் போட்ட பூட்டு

சத்தியமாகச் சொல்கிறேன் பிள்ளைகளே, இதில் ஒரு சொல் பொய் என்றாலும் மிச்சமிருக்கிற என் நாலு பல்லும் இப்போதே கொட்டிப்போகட்டும்!

ஒரு காட்டில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. எருக்கம்பாலைக் காய்ச்சி, காலில் தைத்த முள்ளை எடுக்க மருந்து செய்வார்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அதனால் கண் கழுவ ஒரு தொட்டி நல்ல தண்ணீரும், கழிவைக் கொட்ட ஒரு குழியும் அங்கே இருந்தாக வேண்டும் என்பது காட்டுச் சட்டம்.

கூடத்துக்குத் தலைவர் மயில். எல்லாம் அழகாக இருக்க வேண்டும் அதற்கு. பால் காய்ச்சுவது தேவாங்கு. சொன்ன சொல் தட்டாது. முகத்தில் பாதி கண்தான்.

ஒருநாள் மயில் பரபரப்பாக வந்தது.

"நாளைக்கு அதிகாரி யானையார் நம் கூடத்தைச் சோதனையிட வருகிறார். தொட்டியைத் தேய்த்து நிரப்பியாயிற்று. இனி யாரும் கை வைக்கக் கூடாது!"

மூடி போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

"கழிவை என்ன செய்ய?" என்றது வேலைக்கார அணில்.

"குழியும் பளிச்சென்று இருக்க வேண்டும். ஓடையில் ஊற்று."

"சரி, தொட்டியைப் பூட்டினால் அவசரத்துக்கு? இந்த முட்டைக்கண்ணன் நாளை வரைக்கும் கண்ணைக் கழற்றி வைத்துக்கொள்வானோ?"

தேவாங்கு சிரித்தது. "ஒரு நாள்தானே அண்ணே, பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் காலை, யானையை எதிர்கொண்டு அழைக்க மயில் போயிருந்தது. பானை பொங்கியது. பால் தெறித்துத் தேவாங்கின் இரண்டு கண்ணிலும் விழுந்தது.

"ஐயோ அண்ணே, எரியுதே! தண்ணீர்!"

அணில் பூட்டைக் கடித்தது, இழுத்தது, உலுக்கியது. திறக்கவில்லை.

"ஓடைக்கு வாடா!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது.

கோடையில் ஓட்டமின்றித் தேங்கிக் கிடந்த தண்ணீர். தேவாங்கு அதை வாரி வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டது. எரிச்சல் இன்னும் ஏறியது. நேற்று அங்கே கழிவை ஊற்றியது தன் கைதான் என்பது அப்போதுதான் அணிலுக்கு நினைவு வந்தது.

யானை வந்தது. மயில் பூட்டைத் திறந்து காட்டியது.

"அடடா, கண்ணாடி மாதிரித் தண்ணீர்! குழியிலும் ஒரு சொட்டுக் கழிவு இல்லை. இந்தக் காட்டிலேயே முதல் தரம்!"

மூலையில் உட்கார்ந்திருந்த தேவாங்கு, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது. எதிரே நின்ற யானைகூட அதற்குத் தெரியவில்லை.

"அவ்வளவு தெளிவாகவா இருக்கிறது, ஐயா?" என்று கேட்டது.

நீதி: ஆபத்தில் உதவ வேண்டியதைப் பிறர் பார்வைக்காகப் பூட்டி வைக்காதே.

இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கூடத்துக்கு இன்றைக்கும் மயில்தான் தலைவர்.