இரவல் மகள்

திண்டுக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைக் வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம். கவிதை படிக்கலாம், கதை சொல்லலாம், தனக்கு நடந்ததைப் பேசலாம். வேதவல்லி அதை நடத்திவந்தார். வார நாட்களில் அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர்.

அவரிடம் மேடைப்பேச்சு கற்றவர்களில் இன்பராஜைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் வேதவல்லி சொல்லிக்கொடுத்தது. இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் அவர் வேதவல்லியை அக்கா என்றே கூப்பிடுவார்.

கோமளா என்றொரு அம்மாள் தவறாமல் வருவார். வீட்டிலிருந்தபடி புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். மைக் பக்கம் வந்ததில்லை.

ஒரு ஞாயிறு, டீ குடிக்கும்போது அவர் இன்பராஜிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எனக்கு ஒரு மக இருந்தா தம்பி. பிறவியிலேயே காது கேக்காது. அவளுக்காக நானும் சைகை கத்துக்கிட்டேன். நாள் பூரா கையாலயே பேசிக்குவோம், சண்டைகூட அப்படித்தான். மூளைக் காய்ச்சல்ல போயிட்டா. இப்பவும் அடுப்படியில நிக்கிறப்ப என் கை பாட்டுக்கு ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கு. பார்க்கத்தான் ஆளில்ல."

இன்பராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதை நீங்க மேடையில சொல்லணும்மா," என்றார்.

"பயமா இருக்கு. பார்க்கலாம்."

அடுத்த மாதம் இன்பராஜிடம் புதிதாக எதுவும் இல்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடை ஏறிக் கூட்டத்தைப் பார்த்தார். கோமளா வழக்கமாக உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது.

"எனக்கு ஒரு மக இருந்தா. பேரு நிலா," என்று ஆரம்பித்தார்.

கைகளைத் தூக்கி, சாப்பிட்டாயா என்று காற்றில் கேட்டுக் காட்டினார். அது எந்தச் சைகையும் இல்லை, அந்த நேரத்தில் அவராக வைத்துக்கொண்டது. "பார்க்கத்தான் ஆளில்ல" என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி நிறுத்தினார். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டல் அடங்கவே வெகுநேரமானது.

வேதவல்லி மைக்கை வாங்கினார்.

"அடுத்து, முதல் தடவையா மேடை ஏறுறாங்க. கோமளாம்மா, வாங்க."

மேடை ஏற வசதியாக அன்று கோமளா ஓரத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். மைக் முன்னால் வந்து நின்றார்.

"நான் சொல்ல வந்தது…" என்றார்.

பிறகு எதுவும் வரவில்லை. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கி, அப்படியே வெளியே போய்விட்டார். பாவம், முதல் மேடை பயம் என்று கூட்டம் நினைத்தது. தைரியம் சொல்வதுபோல் அவர் முதுகுக்குப் பின்னால் பலமாகக் கைதட்டியது.

இன்பராஜ் கைதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையிலேயே பேருந்து நிலையத்துக்குப் போனார். அறிவிப்பு அறையில் வேதவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க இன்பராஜ். நேத்து உங்க மகளை நினைச்சு எனக்குச் சோறே இறங்கலை."

இன்பராஜ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

வேதவல்லி நடுவில் ஒருமுறை மைக்கை அழுத்தி, பழனி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக இருப்பதாகச் சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பிள்ளையோட உண்மையான பேர் என்ன?"

"தெரியாதுக்கா."

"அவங்க சொல்லலையா?"

"நான் கேக்கலை."

வேதவல்லி ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

"அடுத்த மாசம் முதல் ஆளா என்னைக் கூப்பிடுங்கக்கா. எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுடறேன்," என்றார் இன்பராஜ்.

"கை தட்டுவாங்களே."

இன்பராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முதல்ல அவங்க வீட்டுக்குப் போங்க," என்றார் வேதவல்லி.

போனார். கோமளா கதவைத் திறந்தார். மடியில் இருந்த புடவையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்மா."

"ம்."

"நீங்க அன்னிக்கு வருவீங்கன்னு எனக்குத் தெரியாது."

"நான் வரலைன்னா?"

இன்பராஜ் வாசலில் கிடந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு பேரு நிலா இல்ல," என்றார் கோமளா.

"என்ன பேரும்மா?"

கோமளா அவரை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னா அதையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

இன்பராஜ் மறுபடி வேதவல்லியிடம் வந்தார்.

"பேரைக்கூடச் சொல்லலைக்கா."

"ம்."

"வழியில பார்க்கிறவங்க எல்லாம் ஆறுதல் சொல்றாங்க. ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறார். மைக்ல சொல்ல வேண்டாம்னா, நான் வேற என்னதான் செய்யறது?"

"அடுத்த மாசக் கூட்டத்துக்குச் சீக்கிரம் வாங்க. படிக்கட்டுக்குக் கீழே நில்லுங்க. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லுங்க."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லாரும்தானே கேட்டாங்க."

அந்த ஞாயிறு இன்பராஜ் வெயில் தாழும் முன்பே வந்து நின்றார். முதலில் வந்தவர் கல்லூரி ஆசிரியர்.

"சார்… போன மாசம் நான்… அது என் மக இல்ல. எனக்கு மகளே கிடையாது. வேறொருத்தர் சொன்னதை…"

"என்ன சொல்றீங்க, புரியலை."

மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் ஆசிரியர் அவரைத் தாண்டி மேலே போய்விட்டார்.

இரண்டு மாணவிகள், "கதைதானே அண்ணா, விடுங்க," என்று சிரித்தார்கள். ஸ்டூடியோக்காரர், "என் சம்சாரம் உங்க பொண்ணுக்காக விளக்கு ஏத்தினாய்யா," என்றார். ஒருவர் பாதி கேட்டதுமே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இன்பராஜுக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

கடைசியாக ஓய்வுபெற்ற தபால்கார அம்மாள் ஒருவர் வந்தார். அவரிடமும் சொன்னார். சொல்லி முடித்தபோது அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது.

"இதை ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்," என்று இன்பராஜின் தோளைத் தட்டிவிட்டு மேலே போனார்.

இன்பராஜ் திரும்பினார். தெருவோரத்தில் கோமளா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருப்பார் போலிருந்தது. அவரைக் கடந்து படியேறினார்.

மாடியில் வேதவல்லி மைக் ஸ்டாண்டின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். இன்பராஜ் பக்கத்தில் போய் நின்றார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்க்கா."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

இன்பராஜ் பின்வரிசையைப் பார்த்தார். கோமளா தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்பராஜ் குரலைத் தணித்துக்கொண்டார்.

"முதல்ல நாக்கு குழறுச்சு. வார்த்தையே வரலை. சொல்லச் சொல்லப் பழகிடுச்சுக்கா. எங்க நிறுத்தணும், எங்க தலையைக் குனியணும்னு தானா வந்துருச்சு. கடைசியா வந்த அம்மா அழுதுட்டாங்க."

"சரி."

"அவங்க அழுதப்ப…" இன்பராஜ் மறுபடி பின்வரிசையைப் பார்த்தார். "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுக்கா. கோமளாம்மா என் முகத்துல அதைப் பார்த்துட்டாங்க."

வேதவல்லி ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தபால்கார அம்மாளைக் கண்ணால் காட்டினார்.

"அவங்ககிட்ட மறுபடி போய்ச் சொல்லுங்க. இந்தத் தடவை நல்லாச் சொல்லாதீங்க."