பூண்டுச் சாறு

"அம்மா, கோமதிநாயகம் வந்தப்புறம் நான் உங்களுக்கு வேண்டாதவனாயிட்டேனா?"

இசக்கியப்பன் கேட்டார்.

அம்மா கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சீரகம் இன்னைக்கு நல்லா இருக்கு" என்றார்.

இசக்கியப்பனுக்கு அந்தப் பதில் போதவில்லை.

பாபநாசம் மலையடிவாரத்தில் சின்ன ஆசிரமம் அது. குருவை எல்லோரும் அம்மா என்றுதான் அழைத்தார்கள். இசக்கியப்பனுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள்.

அம்மாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, அவர் சாப்பாடு இசக்கியப்பன் பொறுப்பில் வந்தது. உப்பைக் குறைத்தார். வடையும் அப்பளமும் நின்றன. கீரையும் பயறும் தினமும் வந்தன. அந்த ஒரு தட்டைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. மற்றவர்கள் பொதுப் பானையிலிருந்து போட்டுக்கொண்டார்கள்.

அப்போதுதான் கோமதிநாயகம் வந்தார். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். வரும்போதே ஆளிவிதை எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா கொண்டுவந்தார்.

"இதயத்துக்கு நல்லதும்மா."

அம்மா வாங்கி விழுங்கினார். மாலையில் ஆற்றங்கரையில் நடக்கும்போது இசக்கியப்பனை விட்டுவிட்டு அவரையே துணைக்குக் கூப்பிட்டார்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கரை தெரியும். இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பது தெரியும். என்ன பேச்சு என்பது மட்டும் கேட்காது.

இசக்கியப்பன் பச்சைப் பூண்டை இடித்தார். இஞ்சியோடு சேர்த்துச் சாறு பிழிந்தார்.

"இதும் நெஞ்சுக்கு நல்லதும்மா."

அம்மா குடித்தார்.

கோமதிநாயகம் தினம் ஒன்று என்றிருந்த மாத்திரையை இரண்டாக்கினார். இசக்கியப்பன் சாற்றைக் காலை, மாலை என இரண்டு வேளையாக்கினார்.

ஒரு காலையில் அம்மாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா வெளியே வந்து இருவரையும் பார்த்தார்.

"ரத்தம் உறையாம இருக்க நான் மாத்திரை கொடுத்திருக்கேன். அதோட வேற என்ன சாப்பிடுறாங்க?"

கோமதிநாயகம் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார்.

"நான்தான் கொடுத்தேன் டாக்டர்."

"என்னைக் கேட்காம ஏன் கொடுத்தீங்க?"

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

இசக்கியப்பன் பேசாமல் இருந்தார். பழி முழுக்க அந்த டப்பாவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இனி இந்த ஆள் ஆசிரமத்தில் இருக்க முடியாது. சாயங்காலம் அம்மா நடக்க மறுபடி தன்னைத்தான் கூப்பிடுவார்.

"இது மட்டுமே இவ்வளவுக்குக் காரணமா இருக்காது" என்றார் டாக்டரம்மா. "வேற எதுவும் இல்லையா?"

இசக்கியப்பன் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி. அப்போ என் மாத்திரைதான் அவங்களுக்கு ஒத்துக்கலை போல. அதை நிறுத்திப் பார்க்கணும்."

"நிறுத்தினா?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

"ஸ்டென்ட் அடைச்சுக்கலாம். வேற வழி தெரியலை."

டாக்டரம்மா திரும்பி உள்ளே போகக் கதவைத் தள்ளினார்.

"டாக்டர்."

இசக்கியப்பன் கூப்பிட்டார்.

"பச்சைப் பூண்டும் இஞ்சியும். சாறு எடுத்து ரெண்டு வேளை கொடுத்தேன்."

"எவ்வளவு?"

அவர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

டாக்டரம்மா கதவை விட்டுத் திரும்பி வந்தார்.

"நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. ரெண்டு பேர் வைத்தியத்தையும் நிறுத்துங்க. என் மாத்திரை இருக்கட்டும்."

சில நாள் கழித்து அம்மா ஆசிரமம் திரும்பினார். இசக்கியப்பன் அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில கோமதிநாயகத்துமேல பழி விழட்டும்னு பேசாம இருந்தேம்மா."

"ம்."

"இனி டாக்டர் சொன்னதைத் தவிர எதுவும் உங்க தட்டுல வராது."

"சரி." அம்மா தண்ணீர் குடித்தார். "நாயகம் என்ன சாப்பிடுறார்?"

இசக்கியப்பன் யோசித்தார். கோமதிநாயகம் எந்த நேரத்துக்கு ஆற்றுக்குப் போவார், எப்படிச் சிரிப்பார், அம்மா அவரை எப்போதெல்லாம் கூப்பிட்டார், எல்லாம் நினைவில் இருந்தது. அவர் என்ன சாப்பிடுவார் என்பது மட்டும் தெரியவில்லை.

"கவனிக்கலைம்மா."

"அவங்க அப்பா, அண்ணன், ரெண்டு பேருமே நெஞ்சுவலியில போனவங்க. அவருக்கும் பிரஷர் இருக்கு."

இசக்கியப்பன் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மூலையில் கோமதிநாயகம் மட்டும் மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார். தட்டில் எலுமிச்சை ஊறுகாய் குவிந்திருந்தது. பக்கத்தில் எண்ணெயில் பொரித்த மோர்மிளகாய்.

இசக்கியப்பனைக் கண்டதும் அவர் பாதிச் சாப்பாட்டில் எழப் பார்த்தார்.

"உட்காருங்க" என்றார் இசக்கியப்பன். "அந்த ஊறுகாயைத் தள்ளி வைங்க. கூட்டு கொண்டு வரேன்."