கரண்டியில் விழுந்த முகம்

“வீட்டில நாலு கேமரா இருக்கு டீச்சர். என் பொண்டாட்டி படத்திறப்புக்கு ஒரு படம் இல்லை!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கத்தினார் தணிகாசலம். மில் மேற்பார்வையாளர். ஐம்பத்தெட்டு வயதில் ஞாயிறுதோறும் ரெபெக்காவிடம் படமெடுக்கக் கற்றுக்கொள்கிறவர். ரெபெக்கா அவரைவிட இருபது வயது சின்னவர்.

“உட்காருங்க சார்.”

“உட்கார வரலை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிசாக்கி மாலை போட்டோம். பேய் மாதிரி இருக்கா. அவ அண்ணன் அத்தனை பேர் முன்னாடி கேட்டார். ‘எறும்பைக்கூட விடாம எடுத்தீங்களே மாப்பிள்ளை, என் தங்கச்சி கண்ணுக்குத் தெரியலையா?’”

சொல்லும்போதே அவருக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது.

எறும்பு மட்டுமா? சோப்புக் குமிழி, எண்ணெய்த் துளி, லென்ஸைத் திருப்பி மாட்டிப் பெரிதாக்கி எடுத்த கடுகு. ஆறு வருஷமாக வீடே சோதனைச் சாலையாகக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் டார்ச் பிடித்தவள் மனைவி சொர்ணம். பொருள் பளபளப்பாக இருந்தால் அவள் முகமும் அதில் விழுந்துவிடும்.

“விளக்குப் பிடிக்கிறவங்க முகம் தெரிஞ்சா பிழை, அழிச்சிடுங்கன்னு சொன்னது யாரு? நீங்க! நானும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஒண்ணு விடாம அழிச்சேன். அழிக்காத படம் ஒண்ணுகூட வச்சுக்கலை.”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

அவர் உடனே ஒப்புக்கொண்டது தணிகாசலத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரெபெக்கா சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்துவந்து மேசைமேல் கவிழ்த்தார். டார்ச்சைக் கையில் எடுத்தார்.

“எடுங்க.”

“விளையாடுறீங்களா?”

“எடுங்க சார்.”

ஆத்திரத்தோடு கேமராவைத் தூக்கினார். கண்ணை வைத்ததுதான் தாமதம், பழைய வழக்கம் வந்துவிட்டது. ரெபெக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். வெளிச்சம் கரண்டியை விட்டு விலகியது.

“கையை ஆட்டாதே! எத்தனை தடவை சொல்றது? கரண்டியைப் பாத்துப் பிடிடி!”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க டீச்சர்.”

“பரவாயில்லை. கரண்டியையே பாக்கிறேன்.”

வெளிச்சம் அசையாமல் நின்றது. எடுத்தார்.

“பெரிசாக்கிப் பாருங்க. என் முகம் தெரியுதா?”

“தெரியுது.”

“என் கண்ணு?”

“கரண்டி மேலே இருக்கு.”

“அவங்க முகத்தையும் இப்படிப் பெரிசாக்கித்தானே அழிச்சீங்க?”

“ஆமா.”

“அவங்க கண்ணு எங்கே இருந்துச்சு?”

தெரியாது என்று சொல்லத்தான் தணிகாசலம் வாயைத் திறந்தார்.

குமிழியில், துளியில், கரண்டியில், ஒவ்வொன்றாக அழித்த அத்தனை முகமும் ஞாபகம் வந்தது. கேமராவை மேசைமேல் வைத்தார்.

“கரண்டியை அவ பாத்ததே இல்லை டீச்சர். என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தா.”

ரெபெக்கா டார்ச்சை அணைத்தார்.

“அதுக்குத்தான் அவளைத் திட்டினேன்.”